மாட்டுவண்டி நூலகமும் நம் கைப்பேசியும்

(பரளச்சியில் தொடக்க, உயர்நிலை வகுப்பு ஆசிரியர்கள் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சமூக ஊடகங்களை ஆசிரியர்கள் தம் பணிக்கு எப்படிப் பயன்படுத்தலாம் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் கணினி ஆசிரியை இல்லை. சமூக அறிவியல் எடுக்கிறவள். கூடவே பள்ளி நூலகப் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. நம் பள்ளிகள் பலவற்றில் நூலகர் என்று தனியாக ஒருவர் கிடையாது. யாராவது ஓர் ஆசிரியரிடம் பீரோ சாவி இருக்கும், அவர்தான் நூலகர். எங்கள் பள்ளியில் எட்டு ஆண்டுகளாக அந்தச் சாவி என் கைப்பையில் கிடக்கிறது. அந்தத் தகுதியில்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

நேற்று இரவு என் கைப்பேசியில் எத்தனை வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தேன். 17. வகுப்புக்கு ஒன்று, பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஒன்று, பாட ஆசிரியர்களுக்கு ஒன்று, ஒன்றியத்துக்கு ஒன்று, சங்கத்துக்கு ஒன்று, பி.எட். படித்தபோது கூடப் படித்தவர்களுக்கு ஒன்று. நீங்கள் சிரிப்பதைப் பார்த்தால் உங்களுக்கும் குறைவில்லை என்று தெரிகிறது. ஆகவே பயன்படுத்தலாமா, வேண்டாமா என்ற கேள்வி எப்போதோ முடிந்துவிட்டது. எதைப் பதிவிடுவது, எதைப் பதிவிடக் கூடாது என்ற கேள்விதான் மிச்சம். அதை நான் ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். அந்தத் தவறை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பெயர் வேண்டாம். ஊரும் வேண்டாம், இந்தக் கரிசல் காட்டில் ஊரைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரிதான். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான். சின்ன வகுப்புகளில், அப்பா அம்மா வேலை தேடிப் போன ஊர்களுக்கெல்லாம் கூடப் போய், பள்ளிக்கு விட்டு விட்டு வந்த பிள்ளை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவனைப் பீரோவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, படம் பெரிதாகவும் எழுத்து குறைவாகவும் உள்ள கதைப் புத்தகங்களாகப் பார்த்துக் கொடுத்தேன். நான்கு மாதம் ஆயிற்று. ஒருநாள் ஒரு பக்கம் முழுவதையும், திக்கித் திக்கியானாலும், நிறுத்தாமல் வாசித்து முடித்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "இன்னொரு தரம் வாசிப்பா" என்று சொல்லி, அதைக் கைப்பேசியில் படம் பிடித்தேன்.

அன்று மாலை வீட்டுக்குப் போகும் பேருந்திலேயே அதை முகநூலில் போட்டேன். ஸ்டேட்டஸிலும் வைத்தேன். 'ஏழாம் வகுப்பு வரை வாசிக்கத் தெரியாமல் இருந்த மாணவன் இன்று ஒரு பக்கத்தை வாசித்துவிட்டான்' என்று மேலே எழுதினேன். விடிவதற்குள் 300 பேருக்கு மேல் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். 'உங்களைப் போன்ற ஆசிரியர்கள்தான் வேண்டும்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை நான் இரண்டு மூன்று முறை வாசித்தேன்.

மறுநாள் பையன் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. நான்கு நாள் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா கரிமூட்ட வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் சித்தப்பா என் பதிவைப் பார்த்திருக்கிறார். வீட்டுக்குப் போன் போட்டு, "ஏழாவது வரைக்கும் எழுத்தே தெரியலையா இவனுக்கு" என்று கேட்டிருக்கிறார். ஊர்ப் பையன்கள் கண்மாய்க்கரையில் வைத்து, அவன் திக்கிய மாதிரியே திக்கிக் காட்டியிருக்கிறார்கள்.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "நீங்க நல்லதுக்குத்தான் போட்டிருப்பீக டீச்சர். ஆனா அவன் எழுத்துக்கூட்டுறது உங்களுக்கும் அவனுக்கும் உள்ளதா இருந்திருக்கலாம்ல" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அங்கேயே நின்று பதிவை நீக்கினேன். ஆனால் அது அதற்குள் எத்தனையோ குழுக்களுக்குப் போயிருந்தது. என் பக்கத்தில் இருப்பதை நான் அழிக்கலாம். பதிவிறக்கி வைத்துக்கொண்டவர் கைப்பேசியில் இருப்பதை அழிக்க முடியாது. பையன் உள்ளே உட்கார்ந்திருந்தான். "உன்னைக் கேக்காம போட்டது என் தப்புப்பா" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கு வந்தான். ஆனால் அந்தக் கல்வியாண்டு முடியும்வரை என் முன்னால் அவன் வாய்விட்டு வாசிக்கவே இல்லை.

பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்தப் பதிவு அவனைப் பற்றியது என்று நான் நினைத்திருந்தேன். உண்மையில் அது என்னைப் பற்றியது. பாராட்டு எனக்கு வந்தது, கேலி அவனுக்குப் போனது.

மேலவாசலில் கிளம்பிய வண்டி

நூலகப் பொறுப்பு வந்த பிறகுதான் சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதனைப் பற்றித் தேடிப் படித்தேன். 1892இல் பிறந்தவர். அவரும் முதலில் ஆசிரியர்தான்; கணிதம் கற்பித்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்று, லண்டன் சென்று நூலகவியல் பயின்று திரும்பினார். 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததற்குப் பின்னால் அவருடைய பல ஆண்டு உழைப்பு இருக்கிறது. இன்றும் ஆகஸ்ட் 12 அவர் நினைவாகத் தேசிய நூலகர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

அவருடைய விதிகளின் சாரம் எளிமையானது. புத்தகம் பூட்டிவைக்க அல்ல, பயன்படுத்த. ஒவ்வொருவருக்கும் உரிய புத்தகம் எங்கோ இருக்கிறது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் உரிய ஆள் எங்கோ இருக்கிறார். இருவரையும் சேர்த்துவைப்பது நூலகர் வேலை. தேடி வருகிறவரின் நேரத்தை வீணாக்கக் கூடாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும். இந்த ஐந்தும் பீரோவுக்கு மட்டும் அல்ல, கைப்பேசிக்கும் பொருந்தும்.

அதே 1931ஆம் ஆண்டு அக்டோபரில், மன்னார்குடி பக்கத்தில் மேலவாசல் என்ற ஊரில் ரங்கநாதன் ஒரு மாட்டுவண்டி நூலகத்தைத் தொடங்கிவைத்தார். அந்த வண்டியை ஏற்பாடு செய்தவர் கனகசபைப் பிள்ளை. புத்தகங்களை ஏற்றிக்கொண்டு வண்டி கிராமங்களுக்குப் போனது. நூலகத்தைத் தேடி ஆள் வர முடியாவிட்டால், ஆளைத் தேடி நூலகம் போக வேண்டும். இதுதான் அதன் பின்னால் இருந்த எண்ணம்.

நம் கைப்பேசியும் அப்படி ஒரு வண்டிதான். மாட்டுவண்டி போக முடியாத இடத்துக்கெல்லாம் போகும். பஞ்சாலையில் இரவு ஷிப்டு பார்க்கும் அப்பாவிடம் போகும். திருப்பூருக்கும் போகும், துபாய்க்கும் போகும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வண்டி புத்தகத்தை ஏற்றிக்கொண்டு வாசகரிடம் போனது. வாசகரை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகக் காட்டவில்லை. யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார், எதை முடிக்காமல் திருப்பிக் கொடுத்தார் என்பதெல்லாம் நூலகரின் பதிவேட்டோடு நின்றுவிடும். நான் செய்த தவறு அங்கேதான். புத்தகத்தை விட்டுவிட்டுப் பிள்ளையை வண்டியில் ஏற்றிவிட்டேன்.

இன்று நான் உங்களிடம் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். புத்தகம் போகட்டும், பாடம் போகட்டும், பிள்ளைகள் செய்த வேலை போகட்டும். பிள்ளை போக வேண்டாம்.

"விழாப் படம்கூடப் போடக் கூடாதா டீச்சர்" என்று கேட்பீர்கள். போடலாம். பரிசு வாங்கிய பிள்ளையின் படத்தைப் பிள்ளையையும் பெற்றோரையும் கேட்டுவிட்டுப் போடலாம். ஆனால் படிப்பில் பின்தங்கிய நிலை, நோய், வறுமை, வீட்டுப் பிரச்சினை, விலையில்லாப் பொருளைக் கை நீட்டி வாங்கும் காட்சி, இவற்றில் பிள்ளையின் முகம் வேண்டவே வேண்டாம். இப்போது எதைப் பதிவிடும் முன்னும் மூன்று கேள்வி கேட்டுக்கொள்கிறேன். பிள்ளையிடம் கேட்டேனா? பத்து ஆண்டு கழித்து, அவன் வேலை கேட்டுப் போகும் இடத்தில் ஒருவர் இதைப் பார்த்தால் அவனுக்குச் சங்கடமா? முகத்தை எடுத்துவிட்டால் இந்தச் செய்தி நிற்குமா? மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் 'நிற்கும்' என்றுதான் பதில் வருகிறது. அப்படியானால் முகம் எதற்கு?

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2023இல் நாடாளுமன்றம் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாத எவரையும் குழந்தை என்கிறது. குழந்தையின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் அடையாளம் வெளிப்படக் கூடாது என்பது 2012இன் போக்சோ சட்டம். சட்டத்தோடு முரண்பட்ட சிறாருக்கும், பராமரிப்பு தேவைப்படும் சிறாருக்கும் அதே பாதுகாப்பை 2015இன் இளைஞர் நீதிச் சட்டம் தருகிறது. வெளியாட்கள் இருக்கட்டும். நம் ஆசிரியர் குழுக்களிலேயே, 'எந்தப் பள்ளி, எந்தப் பிள்ளை' என்று கேட்பதும், யாராவது பெயரைப் போட்டுவிடுவதும் நடக்கிறது. ஆசிரியர் மட்டும் இருக்கும் குழு என்பதால் அது தனி அறை ஆகிவிடாது.

எங்கள் நூலகம் கைப்பேசியில் செய்வது

எதைச் செய்யக் கூடாது என்றே பேசிக்கொண்டிருந்தால் போனை மூடிவைத்துவிட்டுப் போகலாம் என்று தோன்றும். எங்கள் பள்ளியில் நடப்பவற்றில் மூன்றைச் சொல்கிறேன். மூன்றுக்கும் செலவு இல்லை.

முதலாவது, திங்கட்கிழமைப் புத்தகம். பீரோவில் இருக்கும் ஒரு புத்தகத்தின் அட்டைப் படமும், கதையைப் பற்றி நாங்களே எழுதும் நாலு வரியும் பெற்றோர் குழுவில் போகும். நாலாவது வரி கதை சூடு பிடிக்கும் இடத்தில் நின்றுவிடும். 'பெட்டியைத் திறந்தால் உள்ளே என்ன இருந்தது தெரியுமா?' அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை மதியம் சாவியைத் தேடி ஆள் வரும். துறை நமக்கு அனுப்பும் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்களுக்கும் இப்படியே செய்கிறோம். கட்டுப் பிரிக்காமல் கிடந்த இதழ்கள் இப்போது ஓரம் மடங்கிப்போய்க் கிடக்கின்றன. நூலகப் பொறுப்பாளருக்கு அதைவிட என்ன வேண்டும்?

இரண்டாவது, வெள்ளிக்கிழமைக் கதை. எங்கள் பெற்றோர் பலருக்கு நீளமாக எழுதினால் வாசிப்பது சிரமம். ஆகவே ஐந்து நிமிடக் குரல் பதிவு அனுப்புகிறோம். ஊர்ப் பாட்டிகள் சொல்லும் கதைகளை அவர்களிடம் கேட்டு, அனுமதியோடு பதிவு செய்கிறோம். சில வாரம் பிள்ளைகளே சொல்கிறார்கள். விருப்பம் உள்ள பிள்ளை மட்டும், பெயர் சொல்லாமல். இரவு ஏழு மணிக்கு மேல்தான் அனுப்புவோம். பகலில் அனுப்பினால் போன் அப்பாவோடு வேலைக்குப் போயிருக்கும். ஒரு வாரம் நான் மறந்துவிட்டேன். மறுநாள் ஓர் அம்மா, "நேத்து கதை வரலையே டீச்சர், எங்க அத்தை முழிச்சிக்கிட்டே இருந்தாக" என்றார்.

மூன்றாவது, கரிசல் சொல். ஏழாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் சேர்ந்து, நம் பகுதியில் புழங்கும் பொருளுக்கும் இடத்துக்கும் உள்ள சொற்களைப் படத்தோடு சேகரிக்கிறார்கள். மண், விதை, உழவு, கண்மாய், மழை என்று மாதம் ஒரு தலைப்பு. பதிவு 'எட்டாம் வகுப்பு' என்ற பெயரில் போகும், தனிப் பிள்ளையின் பெயரில் அல்ல. ஒருமுறை 'கலுங்கு' என்று எழுதி ஒரு படம் போட்டோம். பத்து நிமிடத்தில் ஒரு தாத்தாவின் குரல் வந்தது: "தாயி, எழுதுனது கலுங்கு, படத்துல இருக்கிறது மடை. தண்ணிய வயலுக்கு விடுறது மடை. நிறைஞ்சா வழிஞ்சு போறது கலுங்கு." மறுநாள் வகுப்பில் அந்தக் குரலைப் போட்டுக் காட்டித் திருத்தினோம். பாடநூலில் நீர்ப்பாசனம் நடத்தியபோது அன்றைக்குத்தான் வகுப்பு முழுக்கக் கவனித்தது. டீச்சருக்கும் தப்பு வரும், திருத்திக்கொள்ளலாம் என்பதையும் பிள்ளைகள் பார்த்தார்கள்.

இப்படிச் சேர்வதைத் தமிழ் விக்கிப்பீடியாவுக்கும் கொடுக்கலாம். 2003இல் தொடங்கியது அது. யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆதாரம் கேட்பார்கள், தப்பாக இருந்தால் திருத்துவார்கள். நம் ஊர்க் கண்மாயைப் பற்றி நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்?

இங்கே நூலகப் பொறுப்பாளர்களுக்கு ஒரு சொல். புத்தகத்தை முழுக்க ஸ்கேன் செய்து குழுவில் போடுவது சேவை ஆகாது. இந்தியச் சட்டப்படி எழுதியவர் வாழ்நாள் முழுதும், அவர் இறந்து 60 ஆண்டுகள் வரையும் அதற்குப் பதிப்புரிமை உண்டு. அதைப் பகிர்ந்துவிட்டு, பிள்ளைகளிடம் அடுத்தவர் விடையைப் பார்த்து எழுதாதே என்று சொல்ல நமக்கு வாய் வராது. சட்டப்படி இலவசமாகக் கிடைப்பதே ஏராளம். பாரதியார் தொடங்கி எத்தனையோ பேரின் படைப்புகளை அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழைய இலக்கியங்கள் தட்டச்சு செய்து வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த இணைப்புகளைத் தேடி எடுத்து அனுப்புங்கள். தேடி வருகிறவர் நேரத்தை மிச்சப்படுத்துவது நூலகர் வேலை என்றேனே, அது இதுதான்.

குழுவை நடத்தும் முறை

குழு தொடங்குவது எளிது. நடத்துவதில்தான் கவனம் வேண்டும்.

வாட்ஸ்அப், முகநூல், இன்ஸ்டாகிராம் எல்லாமே குறைந்தது 13 வயது என்று விதி வைத்திருக்கின்றன. ஆகவே தொடக்கப் பள்ளிக் குழுவில் இருப்பது பெற்றோர். அதை நினைவில் வைத்து எழுத வேண்டும். 'ஹோம் ஒர்க் ஏன் முடிக்கவில்லை' என்று ஒரு பிள்ளையின் பெயரைக் குழுவில் போட்டால், அதை வாசிப்பது அந்தப் பிள்ளை மட்டும் இல்லை, தெரு முழுதும். குறை சொல்ல வேண்டுமானால் அந்த வீட்டுக்கு மட்டும் போன் போடுங்கள்.

குழுவில் சேர்த்த உடனே ஒவ்வொரு அம்மாவின் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. எங்கள் குழுவிலிருந்து ஓர் அம்மா காரணம் சொல்லாமல் விலகினார். பிறகு நேரில் கேட்டபோதுதான் தெரிந்தது, யாரோ அந்த எண்ணை எடுத்து இரவில் அழைத்திருக்கிறார்கள். அன்றைக்கே குழுவை மாற்றினோம். இப்போது அறிவிப்புகளை ஒருவருக்கொருவர் எண் தெரியாத முறையில் அனுப்புகிறோம். வாட்ஸ்அப் சேனலிலும் ஒலிபரப்புப் பட்டியலிலும் அந்த வசதி உண்டு. ஒலிபரப்புப் பட்டியலில் அனுப்புவது, நம் எண்ணைப் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போகும் என்பதைப் பெற்றோரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

மாணவருக்குத் தனியாகச் செய்தி அனுப்பும் பழக்கம் வேண்டாம். அவசியம் என்றால் பெற்றோர் எண்ணுக்கு. எந்தக் குழுவிலும் இரண்டு ஆசிரியர்களாவது நிர்வாகிகளாக இருக்கட்டும். பள்ளியின் பெயரில் தொடங்கிய பக்கம் பள்ளிக்குச் சொந்தம். மாறுதலில் போகும்போது சாவியை ஒப்படைப்பது போலக் கடவுச்சொல்லையும் தலைமையாசிரியரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். நம் சொந்தக் கணக்கு வேறு, பள்ளிக் கணக்கு வேறு. ஆனால் சொந்தக் கணக்கில் எழுதும்போதும் நாம் 1973இன் அரசு ஊழியர் நடத்தை விதிகளுக்கு உட்பட்டவர்கள்தான்.

பிள்ளைகளுக்கு மூன்று எண்களைச் சொல்லிக் கொடுங்கள். ஆபத்தில் குழந்தைகளுக்கு 1098, கல்வி வழிகாட்டலுக்கு 14417, இணையப் பண மோசடிக்கு 1930. பாடநூல் அட்டையின் உள்பக்கத்தில் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

'டீச்சர் குரூப்ல வந்தது'

மழைக்காலம் வந்தால் 'நாளை விடுமுறை' என்று ஒரு செய்தி சுற்றும். போன வருடத்துச் செய்தியாக இருக்கும், அல்லது வேறு மாவட்டத்துச் செய்தியாக இருக்கும். இது சிரித்துவிட்டுப் போகலாம். எல்லாம் அப்படி அல்ல.

2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பகுதிக்குக் குலதெய்வக் கோயிலைத் தேடி ஒரு குடும்பம் வந்தது. வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். பிள்ளை பிடிக்கிற கும்பல் சுற்றுகிறது என்று வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பியிருந்த ஊரார் அவர்களைத் தாக்கினார்கள். அறுபது வயதைக் கடந்த ஒரு பெண் இறந்துபோனார். அந்த ஆண்டு நாட்டின் வேறு பகுதிகளிலும் இதே வதந்தியால் உயிர்கள் போயின. அதன் பிறகுதான், ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் வரம்பு வைத்தது.

அந்த வதந்தியை ஊர்தோறும் கொண்டுபோனவர்கள் கெட்டவர்கள் இல்லை. பிள்ளைகள் மேல் அக்கறை உள்ளவர்கள்தான் அனுப்பியிருப்பார்கள். ஆசிரியர்களும் இருந்திருக்கலாம். நம் கிராமத்தில் ஒரு செய்தி நம் கையிலிருந்து போனால் அதன் மதிப்பே வேறு. 'டீச்சர் குரூப்ல வந்தது' என்றால் முத்திரை குத்திய மாதிரி. ஆகவே யார் சொன்னது, எப்போது சொன்னது, எங்கே சொன்னது என்று மூன்றும் தெரியாத எதையும் நான் அனுப்புவதில்லை. சமூக அறிவியலில் சான்றுகள் என்று ஒரு பாடம் நடத்துகிறோமே, அதே பாடம்தான். விடுமுறை என்றால் மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பு வரட்டும். அதுவரை புத்தகப் பையை எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

உதவி கேட்கும்போது

பீரோவில் புத்தகம் போதவில்லை என்று பதிவிட்டால் உதவ முன்வருகிறவர்கள் உண்டு. முன்னாள் மாணவர்கள் வெளியூரிலிருந்து கேட்பார்கள். நல்ல விஷயம். ஆனால் கேட்கும்போது காலித் தட்டின் படத்தைப் போடுங்கள், கிழிந்த சட்டை போட்ட பிள்ளையின் படத்தைப் போடாதீர்கள். எந்தெந்தப் புத்தகம் வேண்டும் என்று பட்டியல் கொடுங்கள். பணத்தை நம் சொந்தக் கணக்கில் வாங்கவே கூடாது. தலைமையாசிரியர், பள்ளி மேலாண்மைக் குழு வழியாகவோ, 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் வழியாகவோ வரட்டும். வந்த புத்தகத்தை இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் கொடுத்தவருக்கு அனுப்புங்கள். அவர் மறுபடியும் கொடுப்பார்.

கைப்பேசி இல்லாத வீடு

கடைசியாக ஒன்று. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது கல்வித் தொலைக்காட்சியும் வாட்ஸ்அப்பும்தான் நம் கையில் இருந்தன. ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் திறக்க 2021 நவம்பர் ஆயிற்று. அந்த நாட்களில் நான் அனுப்பிய பாடங்களுக்கு யார் யார் பதில் அனுப்பினார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துவைத்தேன். வகுப்பில் பாதிப் பேர் பெயருக்கு எதிரே ஒன்றும் இல்லை. சோம்பேறிகள் என்று நினைத்தேன். வீடு வீடாகப் போனபோதுதான் தெரிந்தது. ஒரு வீட்டில் ஒரு போன், மூன்று பிள்ளைகள். இன்னொரு வீட்டில் போன் உண்டு, ரீசார்ஜ் இல்லை. வேறொரு வீட்டில் இரண்டும் உண்டு, சிக்னலுக்கு மொட்டை மாடி ஏற வேண்டும். வீடோ ஓட்டு வீடு.

அதனால் எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம். எந்த அறிவிப்பும் முதலில் கரும்பலகையில் வரும். பிறகுதான் கைப்பேசியில். திங்கட்கிழமைப் புத்தகமும் அப்படியே. வெள்ளிக்கிழமைக் கதையைத் திங்கட்கிழமை காலை வகுப்பில் போட்டுக் காட்டுவோம். கைப்பேசி இல்லாத பிள்ளை எதையும் இழக்கக் கூடாது. மாட்டுவண்டி போன ஊர்களில் வண்டி நிற்கும் தெருவுக்கு எல்லோரும் வரலாம். நம் வண்டிக்கு மட்டும் டேட்டா வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். இப்போது ஐ.டி.ஐ. படிக்கிறான். இந்தக் கூட்டத்தில் பேச வேண்டும் என்று சொன்னதும், எனக்கு அவன் நினைவுதான் வந்தது. பேருந்து நிறுத்தத்தில் வைத்துப் பார்த்தேன். "உன் கதையைப் பேர் சொல்லாம நம்ம பக்கத்து ஆசிரியர்கள்ட்ட சொல்லலாமாப்பா, பிறகு அச்சிலும் வரும்" என்று கேட்டேன். உடனே பதில் சொல்லவில்லை. பேருந்து வந்து, ஏறி, ஜன்னல் பக்கம் உட்கார்ந்த பிறகு சொன்னான்: "பேரு சொல்லாட்டி சொல்லுங்க டீச்சர். ஆனா இப்ப நல்லா வாசிக்கிறேன்னும் சொல்லணும்."

சொல்லிவிட்டேன். அவன் இப்போது நன்றாக வாசிக்கிறான். இந்த முறை அவனைக் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.